சிடுமூஞ்சி ஒன்று இரண்டு மூன்று

கல்கத்தாவில் வாழும் தமிழருக்கு ஒரு திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடவே. பெஹாலா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தொப்பையைப் பற்றி அவர் காதுபடவே பேசலாம். தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது?

சால்ட் லேக்கில் எங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கைக் காக்கும் வேலை எனக்கு. அந்த வருஷம் அதன் தலைமைப் பொறுப்பே எனக்கு வருவதாக இருந்தது. பாதுகாப்பு ஆடிட் நல்லபடியாக முடிந்தால் போதும். அதற்காக எல்லாருக்கும் வகுப்பெடுத்தேன்: தெரியாத மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாதே, கண்ட பென் டிரைவைச் செருகாதே, பாஸ்வேர்டை எழுதி வைக்காதே. பக்கத்து மேஜை தாதா, தாதா என்றால் இங்கே ரௌடி இல்லை, அண்ணன், டைரியில் எழுதி வைத்திருந்தார். நாலு பேர் முன்னால் அவரை வறுத்தெடுத்தேன்.

என் பாஸ்வேர்டோ ஒரு சீட்டில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. தமிழில் எழுதியதெல்லாம் எழுதியதில் சேருமா என்ன! அதையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவேன், அவ்வளவுதான்.

ஆடிட்டுக்கு வந்த பெண்ணுக்கு வங்காளம் தண்ணீர்பட்ட பாடு. கூடவே எங்கள் மேனேஜர், வழக்கம்போல் உர்ரென்று. அவள் அந்தச் சீட்டைக் காட்டி என்னவென்று கேட்டாள். "ஸ்லோகம்" என்றேன், பக்தியோடு.

அவள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு மெதுவாக, அழகான தமிழில், "சிடுமூஞ்சி ஒண்ணு ரெண்டு மூணு... இது எந்தச் சாமிக்கு, அக்கா?" என்றாள்.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப்பெண்ணாம். என் நேரம்!

பொறுப்பு தாதாவுக்குப் போனது. வீட்டுக்கு வந்து அழுதேன், பொய் சொல்வானேன்.

தாதாவின் முதல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் முதல் படமே என் சீட்டுதான். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். மறுபடி ஸ்லோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எப்போதும் கடுகடுவென்று இருக்கும் முகம், சார். உங்களை நினைத்து வைத்தது."

மேனேஜர் மறுபடி திரையைப் பார்த்தார்.

"இப்போது மாற்றிவிட்டீர்களா?"

"மாற்றிவிட்டேன், சார்."

"கொடுத்துவைத்தவர்," என்றார், முகம் கொஞ்சமும் மாறாமல். "என் மனைவிக்கு அந்த வசதி இல்லை."