குசினி லைட் மங்கிய காரணம்

கார்ப் பந்தயம் விளையாடவென்று கம்ப்யூட்டர் ஒன்று பொருத்தினேன். நல்ல கிராபிக்ஸ் கார்ட் வாங்கிவிட்டு, பவர் சப்ளையை மலிவாகப் பார்த்து எடுத்தேன். கிளிநொச்சிக் கடையின் பெரிய ஜெனரேற்றரில் நன்றாக ஓடியது. கரண்ட் இல்லாத வீட்டில் என் சின்ன ஜெனரேற்றரில் பாட்டுக் கேட்டால் ஓடும். பந்தயம் தொடங்கினால் நின்றுவிடும். ஏனென்று விளங்கவில்லை. கடைக்காரனைத் திட்டினேன்.

“அந்தாளை ஏனப்பா பேசுறியள்? நீங்கள் கார் ஓடினால் நான் சமைக்கிற குசினி லைட்டெல்லோ மங்குது,” என்றாள் மனைவி.

அவளை விளையாடவிட்டு, நான் குசினியில் நின்று பார்த்தேன். லைட் மங்கியது. கருகல் மணமும் வந்தது. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். கார்ட் இழுத்த கரண்டை ஜெனரேற்றரும் தாங்கவில்லை, மலிவுப் பவர் சப்ளையும் தாங்கவில்லை. நல்லகாலம், கார்ட் தப்பியது.

இப்போது என் ஜெனரேற்றரைச் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய், அதில் ஓட்டிப் பார்த்துத்தான் எதையும் வாங்குகிறேன். கடைக்காரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.