டார்பிடோக்காரன் லீவு கேட்ட கதை

நீர்மூழ்கிக் கப்பலைத் துரத்தி அழிக்கும் டார்பிடோவைச் செய்கிறவனின் பிழைப்பு விசித்திரமானது: தான் செய்த சாமான் ஒருநாளும் நிஜமாக வெடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே சம்பளம் வாங்க வேண்டும். எங்களுடையது இலகு ரகம். ஹெலிகாப்டரிலிருந்து பாராசூட்டில் போடுவது. பேருக்குத்தான் இலகு, நகர்த்த கிரேன் வேண்டும். நான் கடற்கரையில் கிடக்கிறேன். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி செல்வி கொல்லிமலை செம்மேட்டில். குடும்பம் ஒரு மூலை, பிழைப்பு ஒரு மூலை என்று வாழும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். இந்த வருடம் அவள் கேட்டது ஒன்றுதான்: தலைப்பிரசவத்தின்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சந்தையில் மாட்டியது

வேலையைப் பற்றி ஊரில் பேசக் கூடாது. அதனால் செம்மேட்டில் "பேட்டரி வேலை" என்று சொல்லி வைத்திருந்தேன். லீவில் வந்திருந்த ஒரு சந்தை நாளில், வாழவந்தி நாட்டு மிளகு விவசாயி ஒருவர் தன் பைக் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அதில் அட்சரம் தெரியாது. எங்கள் பேட்டரி கடல்தண்ணீர் பட்டால்தான் உயிர் பெறும், சில நிமிடங்களில் தீர்ந்தும் போகும். சமாளிக்கத் தெரியாமல், "நாங்க செய்யறது ஒரே தடவைதாங்க ஓடும்" என்று உளறினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்குப் போயா பொண்டாட்டிய இங்க தனியா உட்டுட்டு அங்க கெடக்கறீங்க?"

அலை

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே கிளம்புவதாக இருந்தேன். அலை ஓயாததால் சோதனை ஓட்டம் நாளுக்கு நாள் தள்ளிப்போனது. கேன்டீனில் ஐம்பது பேர் நடுவே உட்கார்ந்திருந்தும் பேச ஓர் ஆள் இல்லாதது போலிருந்தது. எங்கள் வாடிக்கையாளர் கடற்படை. அங்கிருந்து வந்திருந்த அதிகாரியிடம், வீட்டு நிலைமையைச் சொல்லி, சோதனையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"எதிரி நீர்மூழ்கிக்காரன் உங்க வீட்டு விசேஷத்தைப் பாத்தா வருவான், தம்பி?"

மேற்குப் பக்கம்

சோதனை டார்பிடோவில் வெடிமருந்து இருக்காது. ஓடி முடித்ததும் தானாக மேலே வந்து மிதக்கும். படகில் இருப்பவர்கள் ஆளுக்கொரு திசையைப் பங்கு போட்டுக்கொண்டு அதன் ஆரஞ்சு மூக்கைத் தேட வேண்டும். அது கிடைக்காமல் யாரும் கரை திரும்ப முடியாது. எங்கள் போன்களோ வாசல் காவலரின் பெட்டிக்குள்.

ஒருவழியாக அலை ஓய்ந்து படகேறிய அன்று எனக்கு மேற்கு வாய்த்தது. மேற்கே கரை, அதற்கும் அப்பால் எங்கோ மலை. கண் தண்ணீரில் இருந்தது, மனசு செம்மேடு ஆஸ்பத்திரியில். இரண்டு மணி நேரம் கழித்து, என் மலைக் கதை தெரிந்த படகோட்டி என் தோளைத் தட்டி, என் திசையிலேயே கை காட்டினார். எப்போதிலிருந்து அங்கே மிதந்துகொண்டிருந்ததோ! ஊருக்குப் போகிற அவசரமே என்னைத் தாமதப்படுத்திவிட்டது. அழுகை வந்தது.

"கடலப் பாருங்க தம்பி, மலை எங்கயும் ஓடிப்போயிடாது."

செம்மேடு ஆஸ்பத்திரி

போன் கைக்கு வந்தபோது பெண் பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் மத்தியானம், கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். செல்வி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

"வலி எடுத்ததும் உங்களுக்குத்தான் போன் போட்டனுங்க. ரெண்டாந்தடவை போடல, நீங்க எடுக்க மாட்டீங்கன்னு பழகிப்போச்சு."

இருட்டுத் தண்ணீரில் தானாகவே இலக்கைத் தேடிப் போகும் சாமானைச் செய்கிற எனக்கு, சொந்த மகளின் தொட்டிலைக் கண்டுபிடிக்க நாலு பஸ்ஸும் ஒரு நாள் தாமதமும் தேவைப்பட்டன.