கால் இடுக்கில் மூன்று பட்டன்

பெரியவர்களுக்குத் தைப்பவள் இடுப்பளவில் ஒரு அங்குலம் தப்பினாலும் எப்படியோ சமாளித்துவிடுவாள். கைக்குழந்தைக்குத் தைப்பவளுக்கு ஒரு பிரஸ் பட்டன் தப்பினால் அதோடு சரி. மெஷினில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவர்களுக்கும், நெளிகிற குழந்தைக்கு டயபர் மாற்றிக் கை சோர்ந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். ஜங்லிகாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கதவு அகலத்தில் எனக்கு ஒரு கடை. ஜபலா, ராம்பர், குட்டிக் கவுன், இதுதான் பிழைப்பு. சட்டையும் ஜட்டியும் ஒரே துணியாகச் சேர்ந்த ராம்பரில் கால் இடுக்கில் வரிசையாக மூன்று பட்டன் வரும். அந்த மூன்றும் ஒன்றரை வருஷம் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

மஞ்சள் ராம்பர்

சல்மா அடுத்த சந்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவரின் மனைவி. நான் நூல், ஊசி வாங்குவதெல்லாம் அவர்கள் கடையில்தான். பத்து மாதப் பிள்ளை ரியாஸுக்கு மஞ்சள் பனியன் துணியில் ஒரு ராம்பர் கேட்டாள். ஆசையாகத் தைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் வந்தாள். சத்தம் போடவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், அதில் என் பட்டனின் ஒரு பாதி. பிள்ளை எதையோ மெல்லுகிறானே என்று வாயில் விரலை விட்டுப் பார்த்தாளாம், இது வந்ததாம். ஏதாவது ஆகியிருந்தால்?

தப்பு முழுக்க என்னுடையது. மெல்லிய பனியன் துணிக்கு அடியில் ஒட்டுத்துணி வைக்கவில்லை. பட்டனில் நாலு ஓட்டை இருக்கிறதே, அந்த நாலையும் ஒரே நூலில் ஓட்டி, ஓட்டைக்கு இரண்டு தையலோடு முடித்திருந்தேன். ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். வேறு தைத்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் அந்தப் பாதியை என் மெஷின்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தையல் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இனிமே என் புள்ளைக்கு நாடாவே போதும்."

தண்ணீர் கேன்

அந்தப் பாதிப் பட்டனை மெஷின் விளக்கில் கட்டித் தொங்கவிட்டேன். சல்மா திரும்பி வந்து, தன் வாயால் என்னிடம் பட்டன் வைத்த துணி கேட்கவேண்டும். அதுவரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. அடியில் காட்டன் துணியை இரண்டாக மடித்து ஒட்டுப் போட்டேன். ஓட்டைக்கு ஆறு தையல், ஒவ்வொரு ஓட்டைக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரருக்கு ஹேடோ ஜெட்டியில் கப்பல் கயிறு கட்டும் வேலை. சும்மா இழுத்துப் பார்த்தால் போதாது என்று சொல்லிவிட்டார். ராம்பரை ஜன்னல் கம்பியில் மாட்டி, பட்டன் கழுத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றி, அதில் ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். முதல் துணியில் கேன் பாதி நிறைவதற்குள் பட்டன் தெறித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். ஏழாவது துணியில் கேன் நிறைந்து வழிந்தது, பட்டன் அசையவில்லை. ஈரத் தரையில் நின்றுகொண்டு மனுஷர் சொன்னார்: "நாளைக்கு ஜெட்டியில கயிறு பத்தலைன்னா உன்னைத்தான் கூப்பிடப் போறேன்."

இரண்டு கப்பல், இரண்டு டப்பா

எங்கள் தீவுக்குப் பட்டன் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஒரு கப்பலில் வந்த சரக்கு மாதிரியே அடுத்த கப்பலிலும் வரும் என்று எந்த நிச்சயமும் இல்லை. இது தெரிந்தும் ஒருநாள் எனக்குச் சுத்தம் பார்க்கும் ஆசை வந்தது. இரண்டு கப்பல் சரக்கையும் கொட்டி, குண்டு உள்ள பாதிகளை ஒரு டப்பாவிலும் குழி உள்ள பாதிகளை இன்னொரு டப்பாவிலும் அழகாகப் பிரித்து வைத்தேன். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இந்தக் கப்பல் குண்டு அந்தக் கப்பல் குழியில் நிற்காது என்பது பிறகுதான் உறைத்தது.

மாட்டிக்கொண்டவர் ரீனா தீதி, பெங்காலிக்காரர். மகளுக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கன்று காலையில், நான் தைத்த ராம்பர் போட்ட குழந்தையோடு வந்து நின்றார். குழந்தை சிரித்தால் வயிறு குலுங்கி மூன்று பட்டனும் பட்பட்டென்று திறந்துகொள்கிறது. விருந்தாளிகள் மத்தியானம் வந்துவிடுவார்கள். உட்காருங்கள் என்று ஸ்டூலைப் போட்டேன். இரண்டு டப்பாவையும் கவிழ்த்து, டக் டக் என்று ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்துப் பார்த்து, பொருந்திய மூன்றைப் பழையபடி ஓட்டைக்கு ஆறு தையல் போட்டே வைத்தேன். அவசரம் என்று ஒரு தையல்கூடக் குறைக்கவில்லை. தீதி குழந்தையின் வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. இனி வேண்டிய மட்டும் சிரித்துக்கொள் என்று மகளிடம் இந்தியில் சொன்னார்: "அப் ஜித்னா ஹஸ்னா ஹை ஹஸ் லே, பேட்டி."

கத்திரிக்கோல்

பிய்ந்து வராத பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டாயிற்று என்று நான் கொஞ்சம் மிதப்பாகத் திரிந்தது உண்மை. அதை இறக்கி வைத்தவர் புரோத்ராபூர் கணேசன், காய்கறி போடுகிறவர். மனைவி வேலைக்குப் போயிருக்க, பிள்ளை டயபரை நிறைத்துவிட்டான். ஒரு கையால் பிள்ளையின் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பட்டனைத் திறக்கப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. பிள்ளை அலற, இவர் பதற, கடைசியில் கத்திரிக்கோலைத் தேடி எடுத்திருக்கிறார். இரண்டு துண்டாகிப்போன ராம்பரை, பாவம், துவைத்து மடித்தே கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் பட்டன் ஓரத்தில் கட்டைவிரலுக்கு ஒரு சின்ன நாக்குத்துணி வைக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு அவர் கோபப்படாமல் சொன்னது இதுதான்: "குறை சொல்லலைங்கம்மா, பட்டன் ஒண்ணுகூட வரலை. துணிதான் வந்துருச்சு."

ரியாஸின் பல்

இத்தனைக்கும் நடுவில் வாரம் தவறாமல் சல்மா கடைக்கு நூல் வாங்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். நன்றாகப் பேசுவாள், பிள்ளைகளை விசாரிப்பாள். துணியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. நானும் வாயைத் திறக்கவில்லை, பேச்சில் ஜெயிக்கிற விஷயமா இது? அதே மஞ்சள் துணியில் ஒரு ராம்பர் தைத்து, அவள் போகும்போது கண்ணில் படுகிற மாதிரி கடைக் கதவில் ஆணி அடித்து மாட்டினேன். வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் பட்டனை இழுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

ஒருநாள் திடீர் மழைக்கு அவளும் ரியாஸும் என் கடையில் ஒதுங்கினார்கள். அவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, வாய் நிறையப் பல். நேராகப் போய் மஞ்சள் ராம்பரைப் பிடித்தான். நடுப் பட்டனை இழுத்தான். வரவில்லை என்றதும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினான். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. ராம்பரும் அவனும் சேர்ந்து என் துணி மூட்டைமேல் விழுந்தார்கள். நானும் சல்மாவும் ஒன்றாகப் பாய்ந்தோம். அவள் அன்று போலவே அவன் வாயில் விரலை விட்டுத் துழாவினாள். எச்சிலைத் தவிர ஒன்றும் இல்லை. ராம்பரை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டனைத் தொட்டுப் பார்த்தாள். நாக்குத்துணியைப் பிடித்துத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். மழை விட்டபின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் இறங்கியவள், லேசாக மேடிட்ட வயிற்றில் கையை வைத்து நின்று சொன்னாள்: "இதுல இருக்கறதுக்கு மூணு ராம்பர் தைச்சு வைங்க அக்கா. நாடா வேணாம்."

ஒன்றரை வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் கிடைக்காத சர்டிபிகேட்டை, அன்றைக்கு என் பட்டனை மென்ற அதே வாய்தான் கடித்துப் பார்த்துக் கொடுத்தது.