பூஜ்யம் போட்ட கை

நீதித்துறை அமைச்சகத்தின் நான்காவது மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கும் அறை எங்களுடையது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எங்கள் அமைச்சரைக் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராவது அங்கேதான். அமைச்சர் எழுந்து நின்று கம்பீரமாகப் படிப்பாரே, அந்தப் பதிலில் இருக்கிற எண்கள் எல்லாம் எங்கள் 'கூட்டல் அக்கா' போட்டவை, எழுத்து நான் டைப் அடித்தது. கைதட்டல் மட்டும் அவருக்கு. இதை நான் சத்தமாகச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. "மெதுவா பேசுடி, உன் குரல் மூணாவது மாடி வரைக்கும் போகுது" என்பாள். போகட்டுமே! நான் பொய்யா சொல்கிறேன்?

அக்காவுக்குக் கூட்டல் என்று பெயர் வைத்தது நான்தான். கால்குலேட்டரை அவள் நம்ப மாட்டாள். சிறைகளிலிருந்து வரும் படிவங்களை அடுக்கி வைத்து, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் தண்ணீர்கூடக் குடிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. கல்யாணமே இந்தப் பழக்கத்தால் நடந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக்கிடம் நன்றி சொல்லாமல், "இந்த மாசத்துல இது ஏழாவது தடவை, தெரியுமா?" என்று தேதிவாரியாக ஒப்பித்தாள். அந்த மனுஷன் அசந்துபோய் அடுத்த வாரமே பெண் கேட்டு வந்துவிட்டார். இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். கணக்கில் ரொம்ப மந்தம்.

அன்றைக்குக் காலை எட்டரை மணி. கேள்வி நேரம் பத்து மணிக்கு. எங்கள் கேள்வி பட்டியலில் மூன்றாவது. நான் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், அக்கா ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா, யாருக்கு என்ன?"

"வந்திருக்குடி," என்றாள். "வராத ஃபாரம் வந்திருக்கு."

இந்த இடத்தில் அந்தக் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குற்றத்துக்குச் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கே முடியாமல் ஒருவர் அதற்காக ஒன்றரை வருஷம் சிறையில் கிடந்தால் அது அநியாயமா இல்லையா? அப்படி எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கேட்டவர் பெரிய கண்ணாடி போட்ட ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர், முன்னாள் பள்ளி ஆசிரியர். ஐந்து மாதத்துக்கு முன், சென்ற கூட்டத்தொடரிலும் இதையேதான் கேட்டார். "ஒருவரும் இல்லை" என்று எங்கள் அமைச்சர் நிமிர்ந்து நின்று சொல்ல, ஆளுங்கட்சி வரிசையில் மேஜையைத் தட்டி அமர்க்களப்படுத்தினார்கள். இந்தத் தடவைக்கும் அதே பதில் தயாராகி, முந்தின நாள் மாலையே கோப்பு அமைச்சர் வீட்டுக்குப் போய்விட்டது.

அக்கா கையில் இருந்தது ஒரு சின்னச் சிறையின் படிவம். அங்கே புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் அக்கறையாக நிரப்பி, காலையில் ஃபேக்ஸில் அனுப்பியிருந்தார். ஆறு பெயர்கள். ஆறு பேரும் வரம்பைத் தாண்டி உள்ளே இருப்பவர்கள்.

அக்கா அலமாரியைத் திறந்து சென்ற கூட்டத்தொடரின் பட்டியலை இழுத்துப் போட்டாள். அந்தச் சிறைக்கு நேரே பூஜ்யம். அவள் கையெழுத்து. அன்று அங்கிருந்து படிவமே வரவில்லை. எங்கள் பிரிவில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் அங்கே யாரும் இல்லையென்று வைத்துக்கொண்டு பூஜ்யம் போட்டுவிடுவோம். எல்லாரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன், எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

அக்கா சிறைக்குப் போன் போட்டாள். "இந்த ஆறு பேர்ல முதல் ஆள், பெயிண்டர்னு எழுதியிருக்கீங்களே, அவர் உள்ள வந்த தேதி சரிதானா?"

"சரிதான் மேடம். ஒரு வருஷம் ஏழு மாசம் ஆச்சு. கடை ஷட்டரை உடைச்சார்னு கேஸ். அதிகபட்சமே ஒரு வருஷம்தான்."

அப்படியென்றால் ஐந்து மாதத்துக்கு முன், அமைச்சர் ஒருவரும் இல்லை என்று சொன்ன அன்றைக்கே, அவர் வரம்பைத் தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா போனை வைத்தாள்.

"நான் ஒரு மனுஷனை இல்லைன்னு எழுதிட்டேன்டி," என்றாள். "அன்னிக்கே ஒண்ணுன்னு எழுதியிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பாங்க. அஞ்சு மாசம்!"

எங்கள் பிரிவு அதிகாரிக்குப் பார்க்கலாம் சார் என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் அதுதான் பதில். அன்றைக்கு அதுகூடச் சொல்லவில்லை. "கோப்பு போயாச்சும்மா. இப்ப மாத்தினா போன தடவை சொன்னது பொய்யாயிடும். அமைச்சர் நம்ம தோலை உரிச்சிடுவார். அடுத்த கூட்டத்தொடர்ல சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"அதுவரைக்கும் அவர் உள்ள இருக்கணுமா சார்?"

"அதுக்கு நாம என்னம்மா பண்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் தூக்கியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேரம் ஒன்பது ஐம்பது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, படியில் இறங்கினோம். இறங்கிக்கொண்டே கணவருக்குப் போன். "ஏங்க, என் வேலை போனாலும் போகும்" என்று ஆரம்பித்து மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "போனா போகட்டும். தப்புக் கணக்கை மனசுல வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா, உன்னோட யாரு குடித்தனம் பண்றது? போ, போ!"

நாடாளுமன்றம் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம். அவையின் ஓரத்தில் இடுப்பு உயரத் தடுப்புக்குப் பின்னால் அதிகாரிகள் உட்கார நாற்காலிகள் உண்டு. அமைச்சருக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமென்றால் துண்டுச்சீட்டில் எழுதி அவைப் பணியாளரிடம் கொடுப்போம். பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் அனுமதிச் சீட்டையே பிடுங்கிவிடுவார்கள். நாங்கள் போய் உட்கார்ந்தபோது இரண்டாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கலாம் சாரும் வேர்க்க விறுவிறுக்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அக்கா சீட்டு எழுதினாள். 'ஆறு பேர் இருக்கிறார்கள். சென்ற கூட்டத்தொடரில் சொன்னது தவறு. அன்றே ஒருவர் இருந்தார். விவரம் வராத சிறைக்குப் பூஜ்யம் போட்டது நான்.' கீழே கையெழுத்து, பதவி. பணியாளரிடம் நீட்டினாள். அவர் முன்வரிசையைப் பார்த்தார். பார்க்கலாம் சார் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பணியாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். பாவி மனுஷன்!

"கேள்வி எண் மூன்று" என்றார் சபாநாயகர்.

அமைச்சர் எழுந்தார். கோப்பைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் முடிந்தது. அவைக் குறிப்பில் ஏறிவிடும், அப்புறம் அதைக் காப்பாற்றத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், பெயிண்டரை யார் பார்ப்பார்கள்?

"சபாநாயகர் அவர்களே, இதற்கான பதில்..."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். ஐயோ! அவ்வளவு பெரிய அவையில், வெளிர்நீல உடையில், சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாக நிற்கிறாள். காவலர்கள் இருவர் எங்களை நோக்கி வருகிறார்கள். பார்க்கலாம் சார் முகத்தில் ஈயாடவில்லை. அமைச்சர் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை நீட்டினார். பணியாளர் ஓடிவந்து சீட்டைப் பறித்துக்கொண்டு போனார்.

அமைச்சர் அதை இரண்டு தடவை படித்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள், ஒரே ஒரு தடவை. அவர் கோப்பை மூடினார்.

"சபாநாயகர் அவர்களே, ஆறு பேர் இருக்கிறார்கள். ஒருவரும் இல்லை என்று சென்ற கூட்டத்தொடரில் இந்த அவையில் சொன்னேன். அது தவறு. அன்றைக்கே ஒருவர் இருந்தார். விவரம் வராததை ஆளே இல்லை என்று எடுத்துக்கொண்டோம். தவறு என் அமைச்சகத்துடையது. அமைச்சகம் என்றால் நான்தான்."

கண்ணாடி உறுப்பினர் மூன்று துணைக்கேள்வி தயாராக வைத்திருந்தார் போல, எல்லாத் தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அவங்க எப்போ வெளியே வருவாங்க? அது ஒண்ணுதான் என் கேள்வி" என்றார்.

"இன்றைக்கே நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார்கள்" என்றார் அமைச்சர். எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் மேஜையைத் தட்டினார். அப்புறம் இரண்டு பக்கமும் தட்டின சத்தத்தில் என் காது அடைத்துப்போயிற்று. நானும் தடுப்பைத் தட்டினேன். காவலர் முறைத்தார், முறைக்கட்டும்!

இடைவேளையில் அமைச்சர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். நான் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள் சொன்னாள். "'அடுத்த தடவை நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து நில்லுங்க'ன்னாருடி." அவையில் எழுந்து நின்றதற்கு மறுநாள் மெமோவும் வந்தது. வராத படிவத்துக்குப் பூஜ்யம் போடக் கூடாது என்று அமைச்சரின் உத்தரவும் அதே தபாலில் வந்தது. பார்க்கலாம் சார் இரண்டையும் பார்த்தார்.

மெமோ வந்த அன்றே பகலில் சிறை எழுத்தர் போன் செய்தார். ஆறு பேரையும் நீதிபதி விடுவித்துவிட்டார், நான்கு மணிக்கு வெளியே வருகிறார்கள் என்றார். அக்கா அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அரைநாள் லீவு எடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. விடுவேனா, நானும் கூடப் போனேன்.

சிறை வாசலில் ஐந்து பேருக்கு வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். கட்டிப்பிடிப்பதும் அழுவதும் சிரிப்பதுமாக ஒரே இரைச்சல். பெயிண்டருக்கு மட்டும் யாரும் வரவில்லை. நாற்பது வயசு இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அக்கா நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, போன தடவை உங்களைக் கணக்குல சேர்க்காம விட்டவ நான்தான்," என்றாள். வேறு பேச்சே இல்லை, வந்ததும் அதுதான். "என்னை என்ன திட்டணுமோ திட்டிடுங்க."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"உள்ள தச்சுப் பட்டறையில ரேடியோ வெப்பாங்கம்மா," என்றார். "போன தடவை அமைச்சர் ஒருத்தரும் இல்லைன்னாரு. பட்டறையே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது. யோவ், நீ இல்லையாமேய்யான்னாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன பண்றது?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்தும் ரேடியோ கேட்டோம். அன்றைக்கே ஒருவர் இருந்தார்னு சொன்னாரு," என்றார் அவர். "ஒருத்தனும் சிரிக்கலம்மா. அத்தனை பேரும் எழுந்து நின்னுட்டானுங்க."