அப்பா திருப்பி அனுப்பிய ஓவர்பிரிட்ஜ்

என் அப்பா கணபதிராமன் மைசூரில் ரயில்வே வரைபடப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தார். பிறர் வரைந்ததைச் சரிபார்ப்பது அவர் வேலை. பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். தன் கையால் ஒரு கோடுகூட மாற்ற மாட்டார். வரைந்தவரே திருத்த வேண்டும் என்பது அந்தப் பிரிவின் வழக்கம்.

எழுபத்து நான்கில் எங்கள் தெருமுனை ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்ட, சாலை அலுவலகத்திலிருந்து ஒரு படம் வந்தது. தலைப்பில் ஃப்ளைஓவர் என்று இருந்தது. சாலைக்கு மேலே சாலை போனால் ஃப்ளைஓவர். தண்டவாளத்துக்கு மேலே போனால் ஓவர்பிரிட்ஜ். தண்டவாளத்தின் மேல் வரும் பகுதியை ரயில்வே கட்டும், இருபுறச் சரிவுகளைச் சாலைக்காரர்கள் கட்டுவார்கள். அப்பா வட்டமிட்டார். வெறும் பெயருக்காக அல்ல. ஏதோ நாற்சந்திக்குப் போட்ட படத்தை அப்படியே எடுத்திருந்தார்கள். இரண்டாவது ரயில்பாதை வரவேண்டிய இடத்தில் நடுத்தூண் நின்றது.

படம் போனது. தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. தூண் அங்கேயே. மறுபடி வட்டம். மூன்றாவது முறை சாலை அலுவலகத்து மல்லப்பன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஸ்வாமி, ஒரு தூண்தானே? நீங்களே தள்ளிப் போட்டுடுங்க. நாங்க வரைஞ்சா அது மறுபடி அங்கேயே போய் நிக்குது.”

“நான் கை வைக்கப்படாது மல்லப்பன். வரைஞ்சவர் திருத்தட்டும்.”

யாரும் திருத்தவில்லை. அப்பா ஓய்வு பெற்றார். கேட் இருந்தது.

எண்பத்தொன்று ஜூலையில், காலை ஒன்பது மணிக்கு அவருக்கு மார்வலி. சுப்பையாவின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. பதினேழு நிமிடம்.

“இங்க ஒரு ஃப்ளைஓவர் இருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரி சேர்ந்திருப்போம் அக்கா,” என்றார் சுப்பையா.

அப்பா என் தோளில் சாய்ந்திருந்தார். “ஓவர்பிரிட்ஜ்,” என்றார்.

அதுதான் அவருடைய கடைசி வார்த்தை. எனக்கு அப்போது வந்தது கோபம்தான். இன்னும் அது போகவில்லை.

இப்போது நான் அந்தச் சாலை அலுவலகத்திலேயே பொறியாளர். போன மாதம் அந்தக் கேட்டின் கோப்பு சரிபார்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. புதுப் படம். தலைப்பு ஃப்ளைஓவர். தூண் அதே இடத்தில். அதன் அடியில் பழைய படங்கள், அவற்றில் அப்பாவின் சிவப்பு வட்டங்கள். ஒன்றாவது தவறாக இருக்காதா என்று தேடினேன். எல்லாம் சரி.

சிவப்புப் பென்சிலை நான் எடுக்கவில்லை. முழுப் படத்தையும் நானே வரைந்தேன். தூணைத் தள்ளினேன். ஓவர்பிரிட்ஜ் என்று தலைப்பிட்டு ரயில்வேக்கு அனுப்பினேன்.

வரைந்து முடிக்க நான்கு நாள்தான் ஆனது.