கூரை போட்ட தண்ணி

செருப்புக்குக் காவல் இருந்தே பாதி ஆயுசைக் கழித்தவள் என் அக்கா. கடலூர் எங்களுக்கு. மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளை மிதித்தால் தேவனாம்பட்டினம் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஊரே அங்கேதான் கிடக்கும். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் ஓடுவேன். அக்கா மணலில் உட்கார்ந்து எல்லார் செருப்பையும் ஜோடி ஜோடியாக அடுக்கிவைத்துக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தண்ணியில் கண்டம்.

அவள் பிறந்தபோது ஜாதகம் கணித்தவர் சொன்னது அது. தண்ணீரால் உயிருக்கு ஆபத்து, நாற்பது வயது தாண்டினால் விலகிவிடும் என்றாராம். சொன்ன புண்ணியவான் தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றடிப் பக்கம் போகக் கூடாது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் கால் நனைக்கக் கூடாது. மாசி மகத்துக்கு ஊரே கடலில் முழுகிவிட்டு வரும்; இவளுக்கு மட்டும் ஒரு சொம்பில் கடல்தண்ணி வீட்டுக்கு வந்து தலையில் தெளிக்கப்படும். மழைக்காலத்தில் அம்மா குடையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். குடை அக்காவுக்கு. நான் பின்னாலேயே நனைந்துகொண்டு வருவேன். எனக்குத்தான் கண்டம் கிண்டம் ஒன்றும் இல்லையே!

சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தோம். மாமா அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷன். ஆனால் தன் நிழலைப் பார்த்தே ஒதுங்கிப் போகிற ரகம். கல்யாணமான புதிதில் பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போனோம். நாங்கள் எல்லாரும் படகில் ஏறினோம், அக்கா கரையில் நின்று கையாட்டினாள். அங்கேயும் பைகளுக்கெல்லாம் அவள்தான் காவல்.

பிறகு சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்தில் எத்தனை வீட்டில் பிணம் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியாடி? நான் சொன்னா கேலி பண்ணுவியே. அவள நான் கடலுக்கே வுடலியே, அதான் பொழச்சா” என்றாள். அன்றைக்கு அக்கா சிதம்பரத்தில் தன் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கடலுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வந்த ஆத்திரத்தில், “போன அத்தனி பேரு ஜாதகத்துலயும் தண்ணில கண்டம்னு எழுதியிருந்துச்சா?” என்று கேட்டேன். எனக்கு இன்று வரை யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தத் தண்ணீர்ப் பூங்கா பற்றிய பேச்சு இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் ஆரம்பித்தது. அக்கா மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்புப் பெண் ஒருத்தி சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அளந்துவிட்டிருக்கிறாள். பெரிய கட்டடமாம், உள்ளே சறுக்குமரமாம், நீச்சல் குளமாம், அலை கூட வருமாம். எல்லாமே கூரைக்கு அடியிலாம். மகள் கேட்டது சறுக்குமரத்துக்காக. அக்காவுக்கு ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது.

அன்று ராத்திரியே எனக்குப் போன் போட்டாள். “ஏய், கூரைக்குள்ள இருக்கற தண்ணிடி அது. கடல்ல கண்டம், ஆத்துல கண்டம், கொளத்துல கண்டம், எல்லாம் சரி. வூட்டுக்குள்ள இருக்கற தண்ணிக்கு என்னா கண்டம்? தெனம் குளிக்கலியா நானு?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அடுத்து அவள் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. “ஒரே ஒரு தடவ கழுத்து வரைக்கும் தண்ணில நிக்கணும்டி. அவ்ளோதான். நீந்தல்லாம் வாணாம். கால் தரையில படாம ஒரு நிமிஷம் மெதந்தா எப்பிடி இருக்கும்னு பாக்கணும்.”

எந்தக் கழுதை வந்தாலும் சரி, இவளை அழைத்துப்போயே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். கல்யாணம் கார்த்திகை என்று எந்தத் தொந்தரவும் கிடையாது. நானே போன் போட்டு விசாரித்தேன். எடுத்த பெண் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். குளம் நாலடி ஆழம். பக்கத்திலேயே ஆள் நிற்பார்கள். புடவை, சுடிதார், நைட்டி எதற்கும் அனுமதி கிடையாது, நைலான் டிரஸ்தான் போடவேண்டும்.

இதைச் சொன்னதும் அக்கா, “ஐயையோ, தொடை தெரியப் போடணுமா? மாமா செத்துருவாரு!” என்றாள். இரண்டு பேருமாகப் பாண்டிச்சேரிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒன்று கிடைத்தது. முழுக்கை, கணுக்கால் வரை பேண்ட், தலையை மூட ஒரு தொப்பியும் சேர்த்தே தைத்தது. கரு நீலம். விற்றவன், “முஸ்லிம் லேடீஸ் ஜாஸ்தி வாங்குவாங்கக்கா, ரொம்ப டீசன்ட்டா இருக்கும்” என்றான். அக்கா அதை நெஞ்சோடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். கல்யாணப் புடவை எடுத்த அன்று கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சென்னையில் ஒரு சிநேகிதி வீட்டுக் கல்யாணம் என்று சொல்வதாக ஏற்பாடு. காலாண்டுப் பரீட்சை முடிந்த லீவில் போவது, காலை ரயிலைப் பிடிப்பது, புளிசாதம் கட்டிக்கொள்வது என்று தினமும் போனில் திட்டம் ஓடியது. நான் சிதம்பரம் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அக்கா அந்த டிரஸ்ஸைப் போட்டுக்கொண்டு பாத்ரூமில் நின்றாள். “ஊத்துடி, ஒட்டுதா பாக்கலாம்” என்றாள். நான் வாளியோடு தூக்கித் தலையில் ஊற்றினேன். அவள் மூச்சுத் திணறி, கத்தி, சிரித்து, “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்றாள். அவள் மகள் வாசலில் நின்று, “அம்மா, நீ பென்குயின் மாதிரி இருக்க” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமாதான் ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கீரப்பாளையத்தில் ஒரு ஜோசியரைப் பார்க்கப் போய்விட்டார். என்ன கேட்டிருக்கிறார் தெரியுமா? கூரை போட்ட தண்ணி கண்டத்தில் சேர்த்தியா, இல்லையா என்று! உலகத்தில் எந்த மனுஷனாவது இப்படி ஒரு சந்தேகம் கேட்பானா?

அந்த ஜோசியரும் பாவம், என்ன செய்வார். கட்டத்தைப் பார்த்து, விரலை மடக்கி, வெகுநேரம் யோசித்தாராம். “ஆறு, கொளம், கடல், கெணறுன்னு இருக்கு. கூரை போட்ட தண்ணின்னு எதுலயும் சொல்லல. சொல்லலங்கறதால இல்லன்னும் சொல்ல முடியாது. எதுக்கு ரிஸ்க்கு? வர்ற சித்திரையோட உங்க சம்சாரத்துக்கு நாப்பது முடியுதே, அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போங்க. தண்ணி எங்க ஓடியா போயிடப் போவுது” என்று அனுப்பிவைத்திருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் நான் பஸ் ஏறிப் போய் மாமாவைப் பிடி பிடி என்று பிடித்தேன். “நாலடித் தண்ணி மாமா! உங்க கழுத்துக்குக் கூட வராது. அதுக்குப் போயி ஜோசியமா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். “கேக்காமயே போயிருந்தா பரவால்லம்மா. கேட்டுத் தொலச்சிட்டேன். இனிமே கூட்டிக்கிட்டுப் போனா, அங்க நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு உசுரு போயி உசுரு வரும். ஏழெட்டு மாசம்தான?”

அவர் கண் கலங்கியிருந்தது. அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். “வுடுடி. முப்பத்தொம்போது வருஷம் செருப்பு பாத்தாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்னா, மொழம் என்னா? வர்ற சித்திர போவட்டும்.” டிரஸ்ஸை மடித்துப் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தாள். அதற்கு நடுவில் ஒரு நாப்தலின் உருண்டையையும் போட்டாள்.

பங்குனியில் அவள் கால் வீங்கியது. நின்றுகொண்டே வேலை செய்கிறோம், அதனால்தான் என்று அவள் சொன்னாள், நாங்களும் நம்பினோம். பிறகு முகம் வீங்கியது. அக்கம்பக்கத்தில், “நீர் கோத்துக்கிட்டிருக்கு, பார்லி கஞ்சி குடி” என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோயிருந்தன. பல வருஷமாக ரத்தக்கொதிப்பு இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. தண்ணீரைக் கண்டு அஞ்சி அஞ்சி அவளைக் காபந்து பண்ணியவர்கள் ஒருத்தருக்கும் அவள் கையைப் பிடித்து ஒரு பிரஷர் பார்க்கத் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்திரை வந்தது. நாற்பது முடிந்தது. கண்டம் விலகிவிட்டது. அக்கா பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாள். கழுத்தில் குழாய் செருகியிருந்தார்கள். அந்த இடத்தில் ஈரம் படக் கூடாது, தலைக்குக் குளிப்பதைக் கூட ஜாக்கிரதையாகத்தான் செய்யவேண்டும் என்றார்கள். குடிப்பதற்கும் அளவுதான், ஒரு நாளுக்கு அரை லிட்டர். அதற்கு மேல் போனால் உடம்பில் தேங்கி மூச்சை அடைத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

டாக்டர் போனதும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “தண்ணில கண்டம்னா, இதத்தான்டி சொல்லியிருக்காங்க. நாம அர்த்தம் தெரியாம கடலப் போயி சந்தேகப்பட்டோம்.”

“சும்மா இரு” என்று அதட்டினேன்.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “பாத்துக்கடி” என்று செருப்பைக் காட்டிவிட்டுப் போவாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் உள்ளே போகிறவள் நின்று, “நாலடின்னா எனக்கு எதுவரைக்கும்டி வரும்?” என்று கேட்டாள். “மார் வரைக்கும் வரும்” என்றேன். “போதும், குனிஞ்சா கழுத்து நனஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தை மாதம் அவள் போய்விட்டாள். நுரையீரலில் தண்ணி ஏறிவிட்டது என்றார்கள். அம்மா, “சொன்னது பலிச்சுடுச்சே, சொன்னது பலிச்சுடுச்சே” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். வாயை மூடு என்று கத்தவேண்டும்போல் இருந்தது. பெற்ற வயிறாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

காரியம் முடிந்து, அவள் புடவைகளைப் பிரித்துக் கொடுப்பதற்காக அம்மாவும் நானும் பீரோவைத் திறந்தோம். பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து அம்மா அதை உருவி எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னாடி இது, ரெயின்கோட்டா?”

“ஆமாம்மா” என்றேன்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவளுக்கு எதுக்குடி ரெயின்கோட்டு? ஒரு நாளாவது இவள நான் நனைய வுட்டிருக்கனா?”