சட்டி வெறுமையாகத் திரும்பாத ஊர்: நோர்தம்பர்லாந்தில் நான்கு நாள்

பெப்ரவரி மாதத்தில் இங்கிலாந்தின் வட கோடிக்கு யாராவது விரும்பிப் போவார்களா? நான் போனேன். விரும்பி அல்ல, தூது போனேன்.

என் பேத்தி மதுரா டொக்டர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் டொக்டர் என்பதைக் கோவிலில் யாராவது இரண்டாம் கேள்வி கேட்டால்தான் சொல்வேன். நோர்தம்பர்லாந்தில் ஒரு மலைக் கிராமத்தில் அவளுக்கு ஒரு வருட ஒப்பந்த வேலை. அது முடிகிறது, இனி நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இங்கே லண்டனில் என் மகள் சாந்தி, விம்பிள்டனில் நாய் பூனை பார்க்கும் கிளினிக் ஒன்றில் மகளுக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள்.

"அம்மா, நான் கேட்டால் சண்டைதான் வரும். நீங்கள் சொன்னால் அவள் கேப்பாள். போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ராணி வேறு பயமுறுத்தினாள். "அன்ரி, அந்த வடக்குச் சனம் கதைக்காது. கதைச்சாலும் ஆட்டோடைதான் கதைக்கும். கையிலை இருந்து ஒண்டும் கழராது, சரியான கஞ்சர்." எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் வடக்கு ஆள்தானே. கலியாணம் கட்டிக் கொழும்புக்குப் போன காலத்தில் யாழ்ப்பாணத்தாரைப் பற்றி இதே கதையைத்தான் கேட்டேன். கஞ்சர், முகத்தைச் சிரிக்க வைக்கத் தெரியாதவர்கள், பனங்கொட்டை சூப்பிகள் என்றார்கள்.

வியாழக்கிழமை புறப்பட்டேன். முதியோர் பாஸ் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் இலவசம், ஆகவே 9.10க்கு கோலியர்ஸ் வுட்டில் ஏறினேன். கிங்ஸ் குரொஸுக்கு மாறாமல் ஒரே ரயில், முக்கால் மணி நேரம். அங்கிருந்து 10.30 வண்டியில் நியூகாசில், ஏறத்தாழ மூன்று மணி நேரம். பிறகு சின்ன ரயிலில் ஹெக்ஸம், நாற்பது நிமிடம். மூன்று கிழமைக்கு முன்னமே, ஜனவரியிலேயே, பதிவு செய்ததால், முதியோர் கார்டோடு ஒரு வழிக்கு 41 பவுண் மட்டுமே. இடது பக்க ஜன்னல் வேண்டாம், வலது பக்கம் கேளுங்கள். டர்ஹாமில் மேட்டின்மேல் பெரிய தேவாலயம் தெரியும் என்று சொல்லி ஒரு ஐயா தன் இடத்தைத் தந்தார். உண்மையில் தேவாலயம் தெரியவில்லை, பனிமூட்டம்தான். ஆனாலும் மனுஷன் எழும்பி இடம் தந்தாரே.

ஹெக்ஸமில் மதுரா காத்திருந்தாள். வீட்டுக்கு 18 மைல். வழமையாக 35 நிமிடமாம், அன்று பனியில் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கடைசி அரை மைல் குறுகிய ஒழுங்கையில் கார் புதைந்து நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தில் ஒரு டிராக்டர் வந்தது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். சங்கிலியைக் கொளுவி, காரை வாசல் வரை இழுத்துவிட்டு, மதுரா நன்றி சொன்னதற்கு "அய்" என்று, அந்த ஊர் 'ஓம்' அது, ஒரு சொல் சொல்லிப் போய்விட்டார்.

"கோபமோ பிள்ளை?"

"இல்லை அம்மம்மா, அதுதான் ஜோர்ஜ். எங்கடை நெய்பர். அவருக்கு அது பெரிய ஸ்பீச்."

உதவி செய்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருக்க எனக்கு ஏலாது. வெள்ளி காலையில் வெளியே மைனஸ் ஆறு. உழுந்து வடை சுட்டு, என் சில்வர் சட்டியில் போட்டு, வேலைக்குப் போகிற வழியில் அவரிடம் கொடுக்கும்படி மதுராவிடம் அனுப்பினேன். பின்னேரம் கதவைத் திறந்தால் வாசற்படியில் சட்டி! கழுவித் துடைத்து, உள்ளே ரூபாப் என்ற புளிப்புத் தண்டில் செய்த ஜாம் ஒரு போத்தல். தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று இந்த மனுஷனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இப்போது ஜாம் போத்தல் என்னிடம். அது வெறுமையாகப் போகலாமா? சனிக்கிழமை ஜாமைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, போத்தலைக் கழுவி, லண்டனிலிருந்து கொண்டுபோன தேசிக்காய் ஊறுகாயை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. அதுதான் பிழை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஜோர்ஜின் பசு கன்று போட முடியாமல் நிற்கிறது என்று போன் வந்தது. நானும் போனேன். தோள் வரை கையை விட்டு மதுரா நின்ற கோலத்தைச் சாந்தி பார்க்க வேண்டும். "இழு பிள்ளை, இழு!" என்று நான் கத்தினேன். 8.50க்குக் கன்று வெளியே வந்தது. வைக்கோலால் அதைத் துடைத்தது நான்தான் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கை கழுவும்போது ஜோர்ஜ் மதுராவிடம் ஏதோ சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"அம்மம்மா, உங்கடை ஊறுகாயை ஜாம் எண்டு நினைச்சுப் பாணிலை பூசிச் சாப்பிட்டவராம்."

"ஐயோ! எவ்வளவு பூசினவர்?"

"ரெண்டு ஸ்லைஸ்."

"ஒண்டோடை நிப்பாட்டியிருக்கலாமே! என்ன சொல்றார்?"

"பரவாயில்லையாம்."

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணச் சாப்பாட்டுக்குக்கூட அதற்கு மேல் புகழ் கிடைக்காது. என் ஆள்தான் இவர்.

பிறகு அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மதுரா மொழிபெயர்க்கவில்லை. ஆனால் லண்டன் என்ற சொல் எனக்கு விளங்காதா? "நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான் எண்டு உள்ளதைச் சொல்லு" என்றேன். சொன்னாள். ஜோர்ஜ் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஒரு மணிக்குப் புறப்பட்டோம். ஒழுங்கை முனையில் ஜோர்ஜ் நின்றார். கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி, பன்னிரண்டு முட்டை உள்ள பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு நடந்தார். திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, நேரமும் இல்லை.

"அம்மம்மா, அம்மா கேக்கச் சொன்னதை நீங்கள் இன்னும் கேக்கேல்லை" என்றாள் மதுரா, ரோட்டைப் பார்த்தபடி.

"உனக்கு இங்கை இருக்க விருப்பமோ?"

"ஓம், அம்மம்மா."

"குளிருமே பிள்ளை."

"குளிரும்."

"அப்ப காலுக்கு நல்ல சப்பாத்தா ஒண்டு வாங்கு."

வீட்டில் சாந்தி கத்தினாள். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால் முட்டையைக் கொண்டு வந்திருக்கிறியள்!" திங்கட்கிழமை காலை மதுரா கையெழுத்து வைத்துவிட்டதாகப் போன் பண்ணினாள். சாந்தி இரண்டு முட்டையைப் பொரித்தாள். மஞ்சள் கரு செம்பரத்தை நிறத்தில் இருந்தது. பாதி சாப்பிட்ட பிறகு, "பரவாயில்லை" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே தனியாக ரயில் மாறிப் போனேன், நீங்களும் போகலாம். ஹெக்ஸமுக்கு அப்பால் பஸ்ஸை நம்பாதீர்கள். கறிவேப்பிலை கொண்டு போங்கள். யாராவது பேசவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதீர்கள். ஊறுகாய் கொடுத்தால் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

ஏப்ரலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன், ஒன்று சாந்திக்கு. முட்டைப் பெட்டியை வெறுமையாகக் கொண்டுபோக முடியாதே. எள்ளுருண்டை பிடித்து வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு குழியிலும் அளவெடுத்ததுபோல் இருக்கிறது.